கொண்டச்சியின் பிறைச் சாட்சி

தோணியின் பொருத்துகளை அடைத்து முடிந்துவிட்டது. கடலில் தள்ள ஆட்களும் வந்து நிற்கிறார்கள். சரிபுதீன் காக்கா இன்னும் விடவில்லை. மணலில் கட்டைகளின் மேல் நிற்கும் தோணிக்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். பிறகு அதன் வயிற்றின் கீழே மல்லாந்து படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணைப் பலகைப் பொருத்தின் நீளத்துக்கு ஓடவிடுகிறார்.

"அடைச்ச ஆளே நம்பாட்டி நாங்கள் என்னண்டு நம்புறது, காக்கா?" என்கிறார் தோணிக்காரர்.

"அடைச்ச ஆளை நம்பாதேங்கோ எண்டுதானே நானும் சொல்லுறன்," என்று தோணியின் கீழிருந்து பதில் வருகிறது. "தண்ணி சொல்லட்டும்."

தண்ணீர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. பொருத்துகள் காய்ந்தே கிடந்தன. அப்படியும் அரைமணி நேரம் படுத்திருந்துவிட்டுத்தான் எழும்பினார். முதுகு நிறைய மணல். தட்டிவிடவில்லை. அடுத்த தோணியின் கீழ் படுக்கத்தானே போகிறார்.

தேங்காய் நாரையும் பஞ்சையும் திரித்து, பலகைகளுக்கு இடையில் உளியால் செலுத்தி, கொட்டாப்புளியால் அடித்து இறுக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவதற்குக் கலப்பத்து என்று பெயர். கொண்டச்சிக் கரையில் முப்பது வருஷமாக அதுதான் அவர் தொழில். அறுபதை எட்டும் வயது. நெட்டை ஆள். பெருவிரல்கள் இரண்டும் குங்கிலியத்தில் கறுத்து, நகம் எது தோல் எது என்று பிரித்தறிய முடியாதபடி இருக்கின்றன. மூடி மூடிப் பழகியதால் இடது கண் வலதைவிடக் கொஞ்சம் சிறியதாகத் தெரிகிறது.

முத்துக்குளிப்பு அறிவித்துவிட்டால் இந்தக் கரைக்கு ஒரு பட்டணமே வந்து இறங்கும். தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் ஓலைக் கொட்டில்கள். அரசாங்க ஏசண்டுத் துரைக்கு ஒரு பங்களா. பொலிசு, ஆசுப்பத்திரி, தபால் கந்தோர். ஒரு பத்திரிகையின் செய்தியாளனாக நான் அந்தக் கரைக்கு அனுப்பப்பட்டிருந்தேன். எத்தனை தோணி, எத்தனை சிப்பி, துரை என்ன சொன்னார் என்று நாள்தோறும் கொழும்புக்குத் தந்தி அடிக்கவேண்டும். தோணி திருத்தும் இடத்தில் ஒருநாள் வெறுந்தேநீர் வாங்கி இவருக்கும் ஒரு கோப்பை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நோன்பு, தம்பி."

நோன்பு மாதம் பிறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதைச் சொன்னேன்.

"அது ஊர் நோன்பு. இது என்ர நோன்பு," என்றவர் உளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தோணிக்காரர் சிரித்தார். "அவரிட்டைக் கேட்டா அஞ்சு கேள்வி திருப்பிக் கேப்பார். அவவிட்டைக் கேளுங்கோ."

அவவென்பது உம்மு குல்சூம், அவருடைய மனைவி. வீட்டு வேலிக்கு அப்பால் நின்றுகொண்டு, முக்காட்டைப் பல்லால் கடித்தபடி, முழுக் கதையையும் சொன்னார். நடுநடுவே கோழிகளுக்கும் ஏச்சு விழுந்தது.

இந்தக் கரையில் மாதத்தைப் பிறப்பிப்பது பஞ்சாங்கமல்ல, கண். இருபத்தொன்பதாம் நாள் மாலை, சூரியன் விழுந்தபின், மேற்கே கடலின் மேல் பிறை தெரிந்தால் மறுநாள் புது மாதம். தெரியாவிட்டால் முப்பதை நிரப்பவேண்டும். நோன்பு மாதம் முடிந்து பெருநாள் வருவதும் அப்படித்தான். அதற்கு மட்டும் ஒருவர் கண்டது போதாது. நம்பத்தகுந்த இருவர், பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் லெப்பையின் முன்னால் நின்று "கண்டோம்" என்று சொல்லவேண்டும். கொண்டச்சியில் அந்த இருவரில் ஒருவர் இருபது வருஷமாகச் சரிபுதீன் காக்கா. பொருத்தில் மயிர் நுழையும் இடைவெளியைக் காணும் கண் வானத்திலும் காணும் என்று ஊர் நம்பியது.

இன்னொரு பக்கமும் அவருக்கு உண்டு. இளவயதில் கீழக்கரையில் மூன்று வருஷம் ஓதியவர். அங்கே தருக்கப் பாடம் அவரைப் பிடித்துக்கொண்டது. அளவுக்கு மிஞ்சிப் பிடித்துக்கொண்டதாகவும், கேள்வி தாங்காமல் ஓதிக்கொடுத்த உஸ்தாதே ஊருக்கு அனுப்பிவிட்டதாகவும் மனைவி சொல்கிறார். ஊருக்கு வந்தும் கேள்வி நிற்கவில்லை. லெப்பை அப்துல் ஹமீட் ஒரு பைக்கடிகாரம் வைத்திருக்கிறார். அதைப் பார்த்துத்தான் பாங்கு சொல்லப்படுகிறது. ஒருநாள் பள்ளி வாசலில் இவர் கேட்டாராம்:

"தொழுகைக்கு மணிக்கூட்டை நம்புறம். பிறைக்கு மட்டும் ஏன் பஞ்சாங்கத்தை நம்பப்படாது?"

"மணிக்கூடு பிழைச்சா வெயிலைப் பார்க்கலாம். பஞ்சாங்கம் பிழைச்சா என்னத்தைப் பார்ப்பீர்?"

"பிறையைத்தான்."

"அப்ப முதலிலயே அதைப் பாருமன்."

இவரே இதைச் சொல்லிச் சிரிப்பார் என்கிறார் உம்மு குல்சூம். ஆனாலும் பஞ்சாங்கத்தை விடவில்லை. கரையிலிருந்து உள்ளே தள்ளிய ஊரில் வயல் செய்யும் சிவராசா நெல் கொண்டுவரும்போதெல்லாம் அவரிடம் பஞ்சாங்கத்தை வாங்கி, அமாவாசை எந்த நாழிகையில் கழிகிறது, மாலையில் சந்திரனுக்கு எத்தனை நாழிகை வயதிருக்கும் என்று மணலில் குச்சியால் கணக்குப் போடுவார். கணக்கு அவருக்கு ஒரு சுகம். வேறு சிலருக்கு வெற்றிலை போல.

சென்ற வருஷம் நோன்பு இருபத்தொன்பதன்று மாலையும் அந்தக் கணக்கு அவர் தலைக்குள் இருந்தது. விடியுமுன்பே அமாவாசை கழிந்துவிட்டது. ஆகவே சூரியன் விழும்போது பிறை வானத்தில் இருந்தாகவேண்டும். மேற்கே முகில் சுவர்போல் எழும்பியிருந்தது. அதில் ஒரு பிளவு. ஊர் முழுக்கக் கரையில். சரிபுதீன் காக்கா அந்தப் பிளவைப் பார்த்து விரலை நீட்டினார்.

"கண்டன்!"

பக்கத்தில் நின்றவர் மர்சூக், உம்மு குல்சூமின் தம்பி; வண்டி மாடு வைத்திருப்பவர். மச்சானின் விரல் வழியே பார்த்து, "ஓம், நானும் கண்டன்," என்றார்.

லெப்பை வழக்கமான கேள்வியைக் கேட்டார்: எந்தக் கொம்பு உயர்ந்திருந்தது? சரிபுதீன் காக்கா பெருவிரலையும் சுட்டுவிரலையும் பிறைபோல வளைத்து, இடப்பக்கம் உயரச் சரித்துக் காட்டினார். மர்சூக்கும் அதையே காட்டினார். பெருநாளை அறிவிக்கும் நகரா முரசு அடிபட்டது. விடிந்ததும் நாற்பத்துமூன்று வீடுகளில் பெருநாள் அடுப்பு எரிந்தது.

அன்று மாலை எல்லோரும் வயிறு நிறைந்து கரைக்கு வந்து பிறையைப் பார்த்தார்கள். தெளிந்த வானம். பிறை இரு கொம்பும் சமமாக, கரையில் ஏற்றி நிறுத்திய தோணிபோல நேராக இருந்தது. யாருக்கும் அதில் விசேடம் ஒன்றும் தெரியவில்லை. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது. முந்திய மாதம் கண்ட பிறைதான் இடப்பக்கம் உயர்ந்திருந்தது. முகிற் பிளவில் அவர் கண்டது மனதில் நின்ற அந்தப் பிறையைத்தான்.

"அண்டைக்கே வந்து, எனக்குப் பசியில்லை எண்டு படுத்தவர்," என்றார் உம்மு குல்சூம். "பெருநாளில பசியில்லாத மனுசனை நான் அண்டைக்குத்தான் கண்டது."

அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஆட்கள் எழும்புவதற்குள் இவர் எழுந்து நின்றிருக்கிறார். "நான் கண்டது வானத்தில இருந்த பிறையில்லை. என்ர தலைக்குள்ள இருந்த பிறை," என்று சொல்லியிருக்கிறார்.

பள்ளிக்குள் இரைச்சல். ஒருவர் கேட்டார்: "வானத்தில பிறை இருந்ததோ இல்லையோ? அதைச் சொல்லும்."

"இருந்தது. கணக்கு சரி."

"அப்ப என்ன கரைச்சல்?"

"இருந்தது. நான் காணேல்ல."

லெப்பை எழுந்து, தீர்ப்புச் சொன்னது சொன்னதுதான், யார்மேலும் குற்றமில்லை, ஊர் குழம்பவேண்டாம் என்று முடித்துவைத்தார். மார்க்கம் அவரை விட்டுவிட்டது. அவர்தான் தன்னை விடவில்லை. அன்று அடுப்பெரிந்த வீடுகளுக்கு, வீட்டுக்கு ஒன்றாக, நோன்பு பிடிக்கத் தொடங்கினார். ஒருவருக்காக இன்னொருவர் நோன்பு பிடிக்க இப்படி ஒரு சட்டமில்லை என்று லெப்பை இரண்டுமுறை வந்து சொல்லிப் பார்த்தார்.

"நாற்பத்திரண்டு போதும் எண்டு நான் சொல்லிப்போட்டன்," என்றார் உம்மு குல்சூம். "என்ர வீட்டு நோன்பை நானே பிடிச்சிட்டன். எனக்காக ஒருத்தரும் பட்டினி கிடக்க வேண்டாம்."

கோழியொன்று வேலிக்குள் நுழைந்தது. அதைத் துரத்திவிட்டு வந்தவரின் குரல் மாறியிருந்தது. தம்பி மர்சூக் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அக்காவின் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சிப் பங்கைக்கூட அடுத்த வீட்டாரிடம் கொடுத்தனுப்பினார். மச்சான் எழுந்து நின்று தன் பிழையைச் சொன்னபோது, மச்சானின் விரலைப் பார்த்துச் சாட்சி சொன்னவரையும் சேர்த்துத்தானே சொன்னார்?

மர்சூக்கை நான் கொட்டில்களுக்குத் தண்ணீர்ப் பீப்பாய் இழுக்கும் இடத்தில் கண்டேன். கட்டையான, கலகலப்பான மனிதர். மச்சானைப் பற்றிக் கேட்டதும் மாட்டின் கயிற்றைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டார். "அவர் தன்ர மனசைக் கழுவினவர். கழுவின தண்ணி என்ர முகத்திலதான் விழுந்தது," என்று மாட்டிடம் சொல்வதுபோலச் சொன்னார். "சந்தையில என்னைக் கண்டா இண்டைக்கும் கேக்கிறாங்கள்: 'என்ன மர்சூக், விரலில பிறை தெரியுதோ?' எண்டு."

இவ்வளவையும் கேட்ட பிறகுதான் சரிபுதீன் காக்காவின் சில வழக்கங்கள் எனக்கு விளங்கின. மாதக் கடைசியில் அவர் விடியற்காலையில் கிழக்கே பார்க்கமாட்டார். தேய்ந்த சந்திரனைக் கண்டால் நாள் தெரிந்துவிடும். சிவராசாவின் ஊருக்குப் போனால் அவருடைய தெருவால் போகமாட்டார். கூரையில் காகத்துக்குச் சோறு வைத்திருந்தால் அமாவாசை என்று தெரிந்துவிடும். தெரியாமல் இருந்தால் கண் தானாகப் பார்க்கும் என்பது அவர் எண்ணம்.

சிவராசா நெல்வண்டியோடு வந்திருந்தபோது இதைச் சொல்லிச் சிரித்தார். "காக்கா, சொல்லட்டோ? அமாவாசை எப்பவெண்டு சொல்லட்டோ?"

சரிபுதீன் காக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கறுத்த பெருவிரல்கள் காதுக்குள்.

"பாருங்கோ தம்பி," என்று சிவராசா என்னிடம் திரும்பினார். "எங்களுக்குக் கரைச்சல் இல்லை. நாங்கள் சந்திரனைக் காணாத நாளைத்தான் அனுட்டிக்கிறம். அதுக்கு ஆர் சாட்சி?"

அவர் போன பின் சரிபுதீன் காக்கா கையை எடுத்தார். "காதைப் பொத்தி என்ன? கடல் வாய் மூடாது. நீரேற்றம் பார்த்தா எத்தனையாம் பிறை எண்டு கால் சொல்லும். தெரிஞ்சதை என்னண்டு தம்பி தெரியாமல் விடுறது?"

நானும் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டேன். கணக்கும் தருக்கமும் படித்த மனிதர், வானத்தில் இருந்த பிறையை இருந்தது என்று சொன்னதற்கு ஏன் இந்தப் பாடு படுகிறார்? யோசித்து அறிவதற்கும் மார்க்கத்துக்கும் நடுவில் அப்படி என்ன தூரம்?

அவர் உளியை வைத்துவிட்டு மணலில் குந்தினார்.

"நான் தனிய இருந்து யோசிக்கிறன். காலமை ஒரு மாதிரி, பின்னேரம் வேற மாதிரி. பிழைச்சா திருத்துவன். ஆருக்கும் நட்டமில்லை. அல்லா இருக்கிறானோ எண்டுகூட நான் ஒருக்கா யோசிச்சுப் பார்த்தனான். லெப்பைக்குச் சொல்லிப்போடாதேங்கோ." கொஞ்சம் சிரித்தார். "சாட்சி அப்பிடியில்லை. நான் வாய் திறந்தா நாற்பத்துமூண்டு வீட்டு அடுப்பு எரியும். அந்தச் சனம் என்ர கணக்கைத் திங்கேல்ல, தம்பி. என்ர கண்ணைத் திண்டது. கண்ணெண்டு சொல்லிக் கணக்கைக் குடுத்திட்டன்."

"இரண்டும் ஒரே பிறையைத்தானே சொல்லிச்சுது?"

"இந்தத் தோணி ஒழுகாது. எனக்கு நல்லாத் தெரியும். ஆனாலும் தண்ணி ஊத்தாமல் ஆளை ஏத்தமாட்டன். எனக்குத் தெரிஞ்சதில நான் ஏறலாம். இன்னொருத்தனை ஏத்தப்படாது."

எழும்பிப் போய்க் கொட்டாப்புளியை எடுத்தார். அவ்வளவுதான் பேச்சு.

நோன்பு மாதம் பிறந்தது. அதற்கு முந்திய வாரம் அவருடைய நாற்பத்திரண்டாவது நோன்பும் முடிந்திருந்தது. இந்த வருஷம் பிறைக்குப் போகமாட்டேன் என்று லெப்பையிடம் சொல்லிப் பார்த்தார். லெப்பை ஏற்கவில்லை. "பிழைச்சதை எழும்பி நிண்டு சொன்ன ஆள் இந்த ஊரில நீர் ஒருத்தர்தான். உம்மை விட்டுட்டு ஆரைக் கூப்பிடுறது?" என்று கேட்டாராம். கேள்வியால் வாழ்ந்த மனிதர் அந்தக் கேள்விக்கு அடங்கிவிட்டார்.

இருபத்தொன்பதாம் நாள் மாலை. தந்தியை முன்னதாகவே அடித்துவிட்டுக் கரைக்குப் போனேன். முத்துக்குளிப்புக்கு வந்த காயல்பட்டினம், கீழக்கரை ஆட்களும் ஊரோடு சேர்ந்து நின்றார்கள். முந்நூறு பேருக்குக் குறையாது. பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்து, மணலிலேயே தொழுது எழும்பியிருந்தார்கள். வேலியோரம் பெண்கள். ஊறப்போட்ட அரிசியைப் பெருநாளுக்கு இடிப்பதா, விடியுமுன் நோன்புச் சாப்பாட்டுக்கு உலையில் போடுவதா என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். அடிவானத்தில் புகைபோல மங்கல். அதன் மேல் ஒரு கை அகலம் தெளிந்த வானம்.

"அந்தா! அந்தா!"

கூட்டத்தில் பத்துப்பேர் கத்தினார்கள். லெப்பை கையுயர்த்தி, "ஆர் சாட்சி சொல்லுறியள்?" என்று கேட்டார். கத்தியவர்கள் மணலைப் பார்த்தார்கள். சென்ற வருஷத்தை ஒருவரும் மறக்கவில்லை.

மர்சூக் முன்னால் வந்தார்.

"நான் சொல்லுறன். கண்டனான். இப்பவும் காணுறன்."

"கொம்பு?"

மர்சூக் விரல்களை வளைத்து வலப்பக்கம் மெல்ல உயர்த்திக் காட்டினார். கூட்டத்தில் யாரோ, "ஆரின்ர விரலில கண்டாய்?" என்று கேட்க, சிலர் சிரித்தார்கள். மர்சூக் சிரிக்கவில்லை. ஒருவர் போதாது. லெப்பையின் பார்வை சரிபுதீன் காக்காவின் பக்கம் திரும்பியது. அவர் கூட்டத்திலிருந்து ஒதுங்கித் தனியே நின்றிருந்தார்.

மர்சூக் அவரிடம் நடந்துபோனார். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினார்.

"மச்சான். போன வருஷம் உங்கட விரலைப் பார்த்து நான் சொன்னனான். இந்த வருஷம் என்ர விரலைப் பாருங்கோ."

மேற்கே விரலை நீட்டினார். சரிபுதீன் காக்கா அதன் பின்னால் போய் நின்று பார்த்தார். இரு கண்ணாலும் பார்த்தார். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். வேலியோரத்தில் உம்மு குல்சூம் முக்காட்டைக் கடித்தபடி நின்றார். இரண்டே எழுத்தில் ஓமென்றால் தம்பி வீட்டுக்கு வருவான், ஊரின் கேலி ஓயும், நாளை பெருநாள். கீழேயிருந்த மங்கல் ஏறி, தெளிந்த இடத்தை மெல்ல மூடிக்கொண்டிருந்தது.

"காணேல்ல," என்றார்.

கூட்டத்தில் இரைச்சல் எழுந்தது.

"கணக்கில இருக்கோ, காக்கா?" என்று ஒருவர் கத்தினார்.

"இருக்கு."

"பிறகென்ன? சொல்லுமன்!"

"கணக்குக் கேக்க லெப்பை என்னைக் கூப்பிடேல்ல."

மர்சூக்கின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. பிறகு அது இறங்கியது. "என்ர கண்ணையும் பொய்யாக்கிப்போட்டியள்," என்றார், தாழ்ந்த குரலில்.

"உன்ர கண்ணை நான் ஒண்டும் சொல்லேல்ல, மர்சூக். என்ர கண்ணைச் சொன்னன்."

முப்பது நிரப்புவது என்று லெப்பை அறிவித்தார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது. "போன வருஷம் தின்ன வைச்சார், இந்த வருஷம் பட்டினி போடுறார்," என்று ஒரு குரல். கலைந்த பிறகு லெப்பை மர்சூக்கின் தோளைப் பிடித்துத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னது எனக்கும் கேட்டது: "நீ கண்டது உனக்கு உண்மை. கண்டவன் நாளைக்கு நோன்பு பிடிக்கப்படாது. வீட்டுக்குள்ள இருந்து சாப்பிடு. வெளியில காட்டாதே." சட்டம் அப்படி. தான் கண்டதை ஒருவன் தன் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். ஊரின் நாளை அதனால் மாற்ற முடியாது.

மறுநாள் கொண்டச்சியில் ஒரேயொரு வீட்டில் பெருநாள். கதவு சாத்தியிருந்தது.

முற்பகலில் தோணிக் கரைக்குப் போனேன். சரிபுதீன் காக்கா நோன்போடு வேலை செய்துகொண்டிருந்தார். உம்மு குல்சூம் வந்து சற்றுத் தூரத்தில் நின்றார். கையில் வெள்ளைத் துணியால் மூடிய சட்டி. நெய்யும் ஏலமும் மணத்தன. நோன்பு நாளில், அந்த ஊரில், அந்த நேரத்தில் மணக்கக்கூடாத மணம்.

"விடிய எழுப்பி ஆக்கச் சொன்னவர்," என்றார் என்னிடம். "நாங்கள் ரெண்டுபேரும் நோன்பு. உப்புப் பார்க்க ஆளில்லை."

சரிபுதீன் காக்கா தலை நிமிராமல் சொன்னார்: "கொண்டுபோய்க் குடு. அவன் கண்டவன். அவனுக்கு இண்டைக்குப் பெருநாள்."

"என்ன சொல்லிக் குடுக்க?"

"ஒண்டும் சொல்லாதே. சூட்டோட குடு."

சட்டியை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு அவர் போனார். திரும்பி வர நெடுநேரம் ஆயிற்று. வந்தபோது கையில் சட்டியில்லை. துணி மட்டும் இருந்தது.

அன்று மாலை வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. முப்பது நிரம்பிவிட்டதால் பிறையைத் தேட யாருக்கும் அவசியமில்லை, சாட்சிக்கும் வேலையில்லை. இருந்தும் ஊர் கரைக்கு வந்தது. பிறை தேடும்படியாகவும் இல்லை. சூரியன் விழுந்து வெளிச்சம் போகுமுன்னே, நல்ல உயரத்தில், தடிப்பாக, கூசாமல் நின்றது. வலப்பக்கக் கொம்பு மெல்ல உயர்ந்திருந்தது.

கூட்டம் பார்த்தது. ஒவ்வொருவராக விளங்கிக்கொண்டார்கள். இவ்வளவு உயரத்தில் நிற்கும் பிறை நேற்றும் அங்கே இருந்திருக்கிறது. கூரிய கண் கண்டிருக்கலாம். "மர்சூக் கண்டவன்தான்," என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் உரக்க, "காக்கா, இண்டைக்காவது தெரியுதோ? இல்லாட்டி நாளைக்கும் நோன்போ?" என்றார். சிரிப்பு எழுந்தது. நகரா அடிக்க ஆள் பள்ளிக்கு ஓடினார்.

மர்சூக் கூட்டத்தின் ஓரத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு, பிறையைப் பார்க்காமல் நின்றார்.

சரிபுதீன் காக்கா கூட்டத்தை ஊடறுத்து நேரே மர்சூக்கிடம் போனார். கட்டியிருந்த கைகளைப் பிரித்து, வலக்கையின் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்தினார். மடங்கியிருந்த சுட்டுவிரலைத் தன் கறுத்த பெருவிரலால் நிமிர்த்தி மேற்கே நீட்டினார். பிறகு, ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, மர்சூக்கின் பின்னால் போய்க் குனிந்து, தாடையை அவர் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்த விரலின் நீளத்துக்கு மற்றக் கண்ணை ஓடவிட்டார்.